ஐந்தாவது விதி

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடற்கரை நகரத்தை ஒட்டி வொர்ல் என்றோர் ஊர் இருக்கிறது. 1942ஆம் ஆண்டு அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி உள்ளூர்ப் பெண்களைக் கூட்டிவைத்து, கறுப்பின அமெரிக்க வீரர்கள் வந்திறங்கினால் அவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆறு விதிகளை எடுத்துரைத்தார். கடை வைத்திருப்பவள் அவர்களுக்குச் சாமானைச் சீக்கிரமாகக் கொடுத்தனுப்பி, இனி வர வேண்டாம் என்பதையும் உணர்த்திவிட வேண்டும். திரையரங்கில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தால் எழுந்து வேறிடம் மாறிவிட வேண்டும். தெருவில் எதிரே வந்தால் மறுபக்க நடைபாதைக்குப் போய்விட வேண்டும். கடையில் நிற்கும்போது உள்ளே வந்தால் வாங்கியதை எடுத்துக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். வெள்ளைப் பெண்கள் எவரும் அவர்களுடன் எவ்வித உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது. எக்காரணம் கொண்டும் அவர்களை வீட்டுக்கு அழைக்கக் கூடாது.

செப்டம்பரில் 'சண்டே பிக்டோரியல்' பத்திரிகை இதை வெளியிட்டபோது பெரிய கண்டனம் எழுந்தது. கூட்டத்துக்குப் போயிருந்த பெண்களே முகம் சுளித்ததாகவும், அவர் சொன்னபடி நடக்கப் போவதில்லை என்று கூறியதாகவும் செய்தியில் இருந்தது. ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போராடும் நாட்டில், உதவிக்கு வந்த படையினரை இப்படி அவமதிக்கலாமா என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்தி, ஆங்கிலேயச் சிற்றூர்களின் பெருந்தன்மையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த ஆறு விதிகளில் ஐந்தைத்தான் ஊர் தூக்கி எறிந்தது. ஐந்தாவதை, அதாவது உறவு கூடாது என்பதை, எந்தக் கூட்டமும் போடாமல், எந்தப் பத்திரிகையிலும் அறிவிக்காமல் கடைசிவரை கைவிடாமல் வைத்திருந்தது.

வேலை நிமித்தமாக நான் இதே மாவட்டத்தில் டான்டன் நகரில் குடியேறிய பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1942 முதல் 1945 வரை சுமார் 2,40,000 கறுப்பின அமெரிக்க வீரர்கள் பிரிட்டனுக்கு வந்துபோனார்கள். போருக்கு முன் பிரிட்டன் முழுவதிலும் இருந்த கறுப்பினத்தவர் சில ஆயிரம் பேர்தாம். அவர்களிலும் பெரும்பாலோர் கார்டிஃப், லிவர்பூல், லண்டன் போன்ற துறைமுக நகரங்களில் இருந்தார்கள். ஆகவே ஒரு சாமர்செட் கிராமத்தானுக்கு, அடுத்த தெருவில் லாரியை நிறுத்திவிட்டு வழி கேட்டு நின்றவர்தாம் வாழ்நாளில் கண்ட முதல் கறுப்பினத்தவராக இருந்திருப்பார். அமெரிக்க ராணுவம் அவர்களைத் தனிப்படைகளாகவே வைத்திருந்தது; துப்பாக்கியைக் காட்டிலும் லாரியும் மண்வெட்டியும் சரக்கு மூட்டையுமே அவர்கள் கைக்கு அதிகம் வந்தன. விமான ஓடுதளம் போடுவது, துறைமுகத்தில் சரக்கிறக்குவது, படைமுகாம்களுக்குப் பொருள்களை ஓட்டிச் செல்வது ஆகியவை அவர்களுடைய பணி. பெரும்பாலான அதிகாரிகள் வெள்ளையர்கள்.

ஊர் அவர்களை நன்றாகவே வரவேற்றது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மூதாட்டி, அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதுச் சிறுமி. லாரியில் வருபவர்கள் கொடுத்த சூயிங்கத்தை இரவில் கட்டில் கம்பியில் ஒட்டிவைத்துக் காலையில் மறுபடி எடுத்து மென்றதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். மரியாதை தெரிந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உரக்கப் பாடுவார்கள், தம் அம்மாவின் கைத்தேநீரைப் புகழ்ந்துகொண்டே குடிப்பார்கள் என்பார். அமெரிக்கர்களைத் தமக்குப் பிடிக்கும் என்றும், அவர்கள் கூட்டிவந்திருக்கும் வெள்ளைக்காரர்களைத்தான் பிடிக்கவில்லை என்றும் மேற்குப் பகுதி விவசாயி ஒருவர் சொன்னதாக அக்காலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு பரவலாக உலவியது. லங்காஷர் மாவட்டத்தின் பாம்பர் பிரிட்ஜ் என்ற ஊரில், மதுக்கடைகளில் கறுப்பினத்தவரை அனுமதிக்கக் கூடாதென்று அமெரிக்க அதிகாரிகள் வற்புறுத்தியபோது, கடைக்காரர்கள் கறுப்பினப் படையினருக்கு மட்டுமே அனுமதி என்று பலகை எழுதித் தொங்கவிட்டார்கள். அந்த ஊரில்தான் 1943 ஜூன் 24ஆம் நாள் இரவு ராணுவப் போலீசாருக்கும் கறுப்பினப் படையினருக்கும் மோதல் மூண்டு, வில்லியம் கிராஸ்லாண்ட் என்ற வீரர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவற்றைவிட என்னை அசைத்தது பாத் நகர மக்கள் 1944இல் செய்த காரியம். அந்நகரை அடுத்த கோம் டவுன் பகுதியில், லெராய் ஹென்றி என்ற கறுப்பின வீரர் மீது மணமான வெள்ளைப் பெண்ணொருவர் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டினார். அது உடன்பாட்டோடு நடந்ததென்றும், முன்பும் அவரைச் சந்தித்திருப்பதாகவும், தம்மிடம் வாங்கப்பட்ட வாக்குமூலம் கட்டாயத்தால் வாங்கப்பட்டதென்றும் ஹென்றி கூறினார். அமெரிக்க ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பிரிட்டிஷ் சட்டத்தில் அக்குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. ஆனால் அமெரிக்கப் படையினரை அவர்கள் நாட்டுச் சட்டமே விசாரிக்கும் என்று ஏற்பாடாகியிருந்தது. சாமர்செட்டிலுள்ள ஷெப்டன் மாலெட் சிறையை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு தூக்குமேடையும் அமைத்திருந்தார்கள். பாத் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 33,000 பேர் கருணை மனுவில் கையெழுத்திட்டார்கள். நகர மேயரும் அவர்களில் ஒருவர். நார்மண்டித் தரையிறக்கம் நடந்துகொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவர் தண்டனையை ரத்து செய்து ஹென்றியைப் பணிக்குத் திருப்பி அனுப்பினார். முகம் தெரியாத ஒரு வீரரின் உயிருக்காகக் கையெழுத்துப் போட்ட மக்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 33,000 பேரில் எத்தனை பேர் தங்கள் மகளை அந்த வீரருக்குக் கட்டிக் கொடுக்கச் சம்மதித்திருப்பார்கள் என்ற கேள்வி மனத்தில் எழாமல் இல்லை.

விருந்து வைப்பது வேறு, கொள்வினை கொடுப்பினை வேறு. இந்தக் கணக்கு நம்மவர்க்குப் புதிதன்று. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பெண் கேட்டு வந்தவுடன் அரிவாளைத் தேடுகிற ஊர்களை நாம் அறிவோம். சாமர்செட்டில் அரிவாள் இல்லை. கேட்ட மாத்திரத்தில் இல்லையென்று சொல்லும் சட்டமும் இல்லை. அன்றைய அமெரிக்காவின் 48 மாநிலங்களில் 30 மாநிலங்கள் வெள்ளையர்-கறுப்பர் திருமணத்தைச் சட்டப்படி தடை செய்திருந்தன. பிரிட்டனில் அப்படி ஒரு வரிகூட எந்தச் சட்டத்திலும் கிடையாது. சட்டம் இல்லாத இடத்தில் ஐந்தாவது விதி எப்படி நிறைவேறியது என்பதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

மேலிடத்திலிருந்தே தொடங்கலாம். 1942 ஆகஸ்டில் தெற்குப் பகுதிப் பிரிட்டிஷ் படைத்தலைமையில் இருந்த மேஜர் ஜெனரல் டவுலர், கறுப்பின வீரர்களுடன் பழகும் முறை பற்றி ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். வெள்ளைப் பெண்கள் அவர்களுடன் சேர்ந்து உலாவுவதோ நடனமாடுவதோ கூடாதென்பது அதன் சாரங்களில் ஒன்று. அக்டோபரில் விஷயம் சர்ச்சிலின் போர் அமைச்சரவைக்கே போயிற்று. அமெரிக்கர்கள் தங்கள் படைக்குள் கடைப்பிடிக்கும் பிரிவினைக்குப் பிரிட்டிஷ் போலீஸ் துணைபோகக் கூடாது என்று வாதிட்ட உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனே, வெள்ளைப் பெண்களுக்கும் அவ்வீரர்களுக்கும் இடையே உறவு பெருகிக் கலப்புக் குழந்தைகள் பிறந்தால் சிக்கலான சமூகப் பிரச்சினை உருவாகும் என்றும் எழுதினார். கடையில் உட்காரலாம், பேருந்தில் ஏறலாம், குழந்தை மட்டும் பிறக்கக் கூடாது. அமைச்சரவை முடிவும் ஏறத்தாழ இதே வடிவில் அமைந்தது: பிரிவினைக்கு நாம் கை கொடுக்க மாட்டோம், ஆனால் நம் மக்கள், குறிப்பாக நம் பெண்கள், அமெரிக்கர்களின் மனப்போக்கை அறிந்து அதிகம் நெருங்காமல் இருப்பது நல்லது.

ஊர்மட்டத்தில் இது நடனக்கூடத்தின் வழியாக நடந்தது. அக்காலச் சிற்றூரில் இளம்பெண்ணுக்கு இருந்த கேளிக்கை திரைப்படமும் சனிக்கிழமை நடனமும்தான். வெள்ளை வீரர்களும் கறுப்பின வீரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்தால் அடிதடி நடக்கும் என்று சொல்லி, அமெரிக்க அதிகாரிகள் ஊருக்குள் போகும் அனுமதிச் சீட்டை நாள்முறை வைத்துக் கொடுத்தார்கள்: ஒரு மாலை இவர்களுக்கு, மறு மாலை அவர்களுக்கு. இதனால் அவர்கள் எதிர்பாராத ஒரு விளைவும் உண்டாயிற்று. எந்த நாளில் ஒரு பெண் நடனத்துக்குப் போகிறாள் என்பதைப் பார்த்தே, அவள் யாருடன் ஆடுகிறாள் என்று ஊர் கணித்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை புறப்பட்டாலே போதும். புதன்கிழமை காலை ரொட்டிக் கடை வரிசையில் அவள் பேர் அடிபடும். முகாம் அருகே கறுப்பின வீரரோடு நின்ற பெண்களைப் பிடித்து, போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின்படி ராணுவ இடத்தில் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்ட நிகழ்வுகளும் உண்டு. காதலித்ததற்காக எந்த நீதிபதியும் தண்டிக்கவில்லை. வேலியைத் தாண்டியதற்காகத் தண்டித்தார்கள்.

அதையும் மீறி ஒரு பெண்ணும் ஒரு வீரரும் மணம் செய்துகொள்ளத் துணிந்தால் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் பணியாற்றும் எந்த அமெரிக்க வீரரும் திருமணம் செய்ய வேண்டுமானால் தம் படைப்பிரிவின் தலைமை அதிகாரியிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று 1942 ஜூனில் ராணுவம் விதித்திருந்தது. நிறம் பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை. வெள்ளை வீரர் கேட்டால், மணப்பெண்ணின் குடும்பத்தை விசாரித்துச் சில மாதங்கள் இழுத்தடித்தபின் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்; போர் முடிந்தபின் சுமார் 70,000 பிரிட்டிஷ் மணப்பெண்கள் கப்பலேறி அமெரிக்கா போனது அப்படித்தான். கறுப்பின வீரர் வெள்ளைப் பெண்ணை மணக்கக் கேட்டால் அனுமதி கிடைப்பது அரிதிலும் அரிது. உங்கள் சொந்த மாநிலத்தில் இந்தத் திருமணம் செல்லாது, அங்கே போனால் இருவரும் சிறைக்குப் போவீர்கள், ஆகவே உங்கள் நன்மைக்காகவே மறுக்கிறோம் என்பது அதிகாரியின் பதில். மீறி மணந்தால் ராணுவ நீதிமன்றம். கேட்டவரை அடுத்த வாரமே வேறு முகாமுக்கு மாற்றிவிடுவதும் வழக்கமாக இருந்தது. பெண் கருவுற்றிருக்கிறாள், அவளுடைய தாயே வந்து சம்மதம் சொல்கிறாள் என்றாலும் பதில் மாறவில்லை.

அதிகாரி கொடுத்த காரணம் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 1947இல் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயப் பெண், தாம் விரும்பிய கறுப்பின முன்னாள் வீரரை மணக்க வர்ஜீனியாவுக்குப் போனார். இருவரும் பிடிபட்டார்கள், அப்பெண் சிறையிலடைக்கப்பட்டுப் பின்பு நாடு கடத்தப்பட்டார். அந்தச் சட்டம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தால் 1967இல்தான் ஒழிந்தது. ஆனால் பிரிட்டனிலேயே மணம் முடித்து, போருக்குப் பின் பிரிட்டனிலேயே குடியிருக்க ஒரு வழி இருந்திருக்க வேண்டுமல்லவா? அதைப் பற்றி யாரும் பேச விரும்பவில்லை. அமெரிக்க அதிகாரி தம் நாட்டுச் சட்டத்தைக் காட்டினார்; பிரிட்டிஷ் அரசு அது அமெரிக்க ராணுவத்தின் உள்விவகாரம் என்றது; பெண்ணின் தந்தை ஊர் என்ன சொல்லும் என்றார்; ஊரோ, எங்களுக்கு ஒன்றுமில்லை, பிறக்கப்போகும் பிள்ளை பாவம் என்றது. நால்வரும் தத்தம் வாசலில் நின்று அடுத்த வாசலைக் கைகாட்டினார்கள். மறுத்தவர் இன்னார் என்று எவரையும் சுட்ட முடியாது. பிள்ளையின் நலனைக் காரணமாகச் சொல்லித் திருமணத்தைத் தடுப்பவர்கள்தாம் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுகிறவர்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு வரும் துன்பம் அவர்கள் கையாலேயே வரப்போகிறது.

1944 ஜூனில் படைகள் பிரான்சுக்குக் கடந்தன. முகாம்கள் ஓரிரவில் காலியாயின. தாம் தந்தையாகப் போவது தெரியாமலே போனவர்கள் பலர்; தெரிந்து கடிதம் எழுதியும், அக்கடிதம் பெண்ணின் கைக்குப் போகாமல் அவள் வீட்டாரால் அடுப்பில் போடப்பட்ட கதைகளும் உண்டு. அப்படிப் பிறந்த குழந்தைகள் சுமார் 2,000 பேர் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகைகள் அவர்களைப் பழுப்புக் குழந்தைகள் என்று அழைத்தன. அனுமதி மறுக்கப்பட்டதால் ஏறக்குறைய அனைவருமே சட்டப்படி தந்தையற்றவர்களாகப் பிறந்தார்கள்; அமெரிக்கா திரும்பிவிட்ட தகப்பனிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறவும் வழியில்லை.

தாய்மார்களின் நிலை பலவிதம். சிலர் பிள்ளையைத் தாமே வளர்த்தார்கள், ஊர் ஏசியபோதும் விட்டுக் கொடுக்கவில்லை. சில வீடுகளில் பாட்டி அக்குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்த்தாள். பெற்றவளை அக்கா என்று சொல்லிக்கொண்டே அது வளர்ந்தது. கணவன் போர்முனையிலோ சிறைமுகாமிலோ இருக்க இங்கே கருவுற்ற பெண்களும் இருந்தார்கள். அவர்களில் சிலரின் கணவர்கள் திரும்பி வந்து, மன்னித்து ஏற்றுக்கொண்டு, அந்தக் குழந்தை மட்டும் வீட்டில் இருக்கக் கூடாதென்று நிபந்தனை வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்குப் பிறந்திருந்தால் கணவனுடைய பிள்ளை என்று ஊரை நம்ப வைத்திருக்கலாம். இந்தப் பிள்ளையை மறைக்க முடியாது. இப்படிப் பிறந்தவர்களில் பாதிக்கு அருகில் குழந்தைகள் காப்பகங்களுக்கோ வளர்ப்பு வீடுகளுக்கோ போனார்கள்.

சாமர்செட்டில் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஹால்னிகோட் மாளிகை. மைன்ஹெட்டிலிருந்து போர்லாக் போகும் சாலையில் இருக்கிறது. இப்போது விடுதியாக நடக்கிறது. போன கோடையில் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்தப் பண்ணையைச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் வெண்ணெய் நிறத்தில் சுண்ணாம்பு அடித்து வைக்கோற்கூரை வேய்ந்திருக்கிறார்கள். பின்னால் டன்கரி மலை. நாள்காட்டிக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் தேடி வரும் அழகு. அக்லண்ட் குடும்பத்தின் சொத்தாயிருந்த அந்தப் பண்ணை 1944இல் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது; மாளிகையை மாவட்ட நிர்வாகம் குழந்தைகள் காப்பகமாக நடத்தியது. 1948இல் 'லைஃப்' இதழ் இங்கே வந்து பிள்ளைகளைப் படம் எடுத்துப் போட்டது. அங்கே வளர்ந்தவர்கள் பலர், தாதிமார் அன்பாக இருந்ததையும், கடற்கரைக்குக் கூட்டிப்போனதையும் நல்ல நினைவுகளாகவே சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வயது ஆனதும் அங்கிருந்து அனுப்பப்பட்டு, வேறு இல்லங்களில் தனித்தனியே சேர்க்கப்பட்டபோதுதான், பள்ளிக்கூடத்தில் தாம் ஒருவரே இந்த நிறம் என்று கண்டுகொண்டார்கள்.

தத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தத்துக் கொடுக்கும் சங்கங்கள் இக்குழந்தைகளைப் பொதுவாக ஏற்கவில்லை. யாரும் கேட்டு வர மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவில் தந்தையரின் குடும்பங்களும் வேறு கறுப்பினக் குடும்பங்களும் வளர்க்க முன்வந்தன. சாமர்செட் நிர்வாகமே அதை ஆதரித்தது. ஆனால் பிரிட்டிஷ் குழந்தையை வெளிநாட்டவரிடம் தத்துக் கொடுத்து அனுப்பச் சட்டம் இடம் தரவில்லையென்று உள்துறை மறுத்துவிட்டது. இவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகள், நிறத்துக்காக நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று அதற்கு அழகான விளக்கமும் தரப்பட்டது. கொள்கையளவில் சரிதான். ஆனால் பிரஜை என்று பிடித்து நிறுத்திய பிள்ளைக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. டாக்டர் ஹெரால்ட் மூடி 1931இல் தொடங்கிய கறுப்பினத்தவர் சங்கம் 1946இல் இக்குழந்தைகளைப் பற்றித் தகவல் திரட்டி அரசிடம் உதவி கேட்டுப் பார்த்தது. லிவர்பூலில் நைஜீரியப் போதகர் டேனியல்ஸ் எகார்ட்டே தம் சிறிய ஆலயத்திலேயே சில குழந்தைகளை வைத்து வளர்த்தார். வசதி போதாதென்று 1949இல் அது மூடப்பட்டது.

ராணுவ அனுமதி என்ற முட்டுக்கட்டை இல்லாத இடத்தில் என்ன ஆயிற்று என்று பார்க்க ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் ஹோண்டுராஸிலிருந்து, அதாவது இன்றைய பெலீஸிலிருந்து, 1941 முதல் சுமார் 900 மரம்வெட்டும் தொழிலாளர்கள் போர்த் தேவைக்காக அங்கே கொண்டுவரப்பட்டார்கள். இவர்கள் சிவிலியன்கள், பிரிட்டிஷ் பிரஜைகள். திருமணம் செய்ய யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. ஊர்ப்பெண்கள் இவர்களுடன் பழகுவதைக் கண்ட அப்பகுதிப் பெருநிலக்கிழார் பக்லூக் பிரபு, இந்த நிறக்கலப்பு தமக்குப் பிடிக்கவில்லை என்று, காலனி அலுவலகத்தில் இருந்த ஹெரால்ட் மேக்மில்லனுக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில் பிரதமரான மேக்மில்லனும் அதை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தடுக்கத் தம்மிடம் அதிகாரமில்லை என்பதே அவர் பதிலின் சாரம். முகாம்கள் மோசமானவை, குளிர் கொடியது, 1943இல் படையே கலைக்கப்பட்டுத் திரும்பிப் போகச் சொன்னார்கள். இருந்தும் கணிசமானோர் அங்கேயே தங்கி, விரும்பிய பெண்களை மணந்து, பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் சாமர்செட்டுக்காரர்களைவிட மேலானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வெறுப்பு அங்கும் இருந்தது. அதற்குக் கையெழுத்திட மறுக்கும் அதிகாரம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

பழுப்புக் குழந்தைகள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். தந்தையைத் தேடியவர்களுக்கு அமெரிக்க ராணுவம் நெடுங்காலம் தகவல் தர மறுத்தது. வழக்குப் போட்ட பிறகு 1990இல் ஏற்பட்ட சமரசத்தால்தான் ஓரளவு வழி திறந்தது. 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் அக்காலப் படைவீரர் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோயிருந்ததால் அதுவும் பலருக்குப் பயன்படவில்லை. பின்னர் வந்த மரபணுச் சோதனை, காகிதம் சொல்லாததைச் சொன்னது. தந்தை உயிரோடு கிடைத்தவர்கள் மிகச் சிலர். ஒரே தந்தைக்குப் பிறந்த தம்பி தங்கைகள் கிடைத்தவர்கள் பலர், அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்கக் குடும்பங்கள் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டன.

எங்கள் தெரு மூதாட்டியிடம், அந்த வீரர்களால் ஊரில் யாருக்காவது குழந்தை பிறந்ததா என்று ஒருமுறை கேட்டேன். சூயிங்கம் கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்ன அவர், ஒரு பெண் இருந்தாள், வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்றார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். யாரும் கேட்டுவைக்கவில்லை என்றார்.